கொடைக்கானலில் முழு பங்களா வாடகை: நாற்பது சொந்தங்கள் கூடினால் தாங்குமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இருபது முதல் முப்பது பேர், இரண்டு இரவு, தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறையாவது இருக்கும் பங்களா என்றால் தாராளமாக எடுக்கலாம். ஹோட்டலை விட எல்லா வகையிலும் மேல். நாற்பதைத் தொட்டால் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐம்பதைத் தாண்டினால் பங்களா ஆசையை விட்டுவிட்டு, கூடம் உள்ள லாட்ஜில் ஒரு தளத்தை மொத்தமாகப் பிடிப்பதே நல்லது.

ஹோட்டலில் என்ன குறை என்று கேட்கலாம். ஆளாளுக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பல வருடம் கழித்துப் பார்க்கும் அத்தை மகளிடம் லிஃப்டில் நாலு வார்த்தை பேசுவதற்கு யாரும் மலையேற வேண்டியதில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ராத்திரி பன்னிரண்டு வரை ஓயாத அரட்டை, இவைதான் முழு பங்களா வாடகையின் சரக்கு. அந்தச் சரக்கைக் கெடுப்பவை மூன்று: வெந்நீர், சமையல், வாசல் வரை வண்டி வராத பாதை. விளம்பரத்தில் காட்டுவது பள்ளத்தாக்கு வியூவை. நாலு மணிக்குப் பனி இறங்கிவிட்டால் அந்த வியூ வெள்ளைச் சுவர்தான்.

வெந்நீரிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான வீடுகளில் குளியலறைக்கு ஒரு 15 லிட்டர் கீசர் இருக்கும். ஹீட்டர் 2 கிலோவாட். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி அளவில் வரும். அதை 60 டிகிரிக்கு ஏற்ற கிட்டத்தட்ட 24 நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் குளிக்கிற சூட்டில் 27 லிட்டர் கிடைக்கும், அதாவது ஒரு வாளியும் கொஞ்சமும். ஆளுக்கு ஒரு 20 லிட்டர் வாளி என்று வைத்தாலும் நாற்பது பேருக்கு 800 லிட்டர். முப்பது முறை கீசர் சூடேற வேண்டும். ஆறு கீசர் இருந்தால் ஐந்து சுற்று, காகிதத்தில் இரண்டு மணி நேரம். நடைமுறையில் மூன்று மணி நேரம், ஏனென்றால் மேலிருந்து சூடு எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். கடைசி ஐந்து லிட்டர் வெதுவெதுப்புதான்.

இதற்குள் மின்சாரம் வேறு. ஆறு கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 12 கிலோவாட். மூன்று பேஸ் இணைப்பு இருந்து, பேஸுக்கு இரண்டு கீசர் என்று பிரித்து வயரிங் செய்திருந்தால் பேஸுக்கு 17, 18 ஆம்பியர், பிரச்சினை இல்லை. ஒரே பேஸில் எல்லாவற்றையும் தொங்கவிட்ட வீட்டில் மூன்றாவது கீசர் போட்டதும் எம்.சி.பி. (சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். பிறகு "ஒவ்வொண்ணா போடுங்க சார்" என்பார் வாட்ச்மேன். வோல்டேஜ் குறைந்தாலும் கதை அதேதான். 230க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் ஹீட்டரின் சக்தி மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 24 நிமிடம் 35 நிமிடமாகும். கீசரில் கோளாறு என்று எல்லாரும் திட்டுவார்கள், கோளாறு கம்பியில் இருக்கும்.

ஆகவே முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியது "வெந்நீர் உண்டா?" என்பதல்ல. அதற்கு எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். கீசர் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர், இணைப்பு மூன்று பேஸா, ஜெனரேட்டரில் கீசர் ஓடுமா என்று கேளுங்கள். (பெரும்பாலும் ஓடாது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் சார்ஜருக்கும் மட்டும்தான்.) சோலார் மட்டும் இருக்கிற வீட்டை மழைக்காலத்தில் தொட வேண்டாம், இரண்டு நாள் மூடுபனி போட்டால் சோலார் தொட்டியில் ஐஸ் தண்ணீர். பழைய எஸ்டேட் வீடுகளில் விறகு பாய்லர் வைத்திருப்பார்கள். கூட்டத்துக்கு அதைப் போல வேறில்லை: விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தால் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு வீடு கிடைத்தால் மற்றக் குறைகளில் பாதியை மன்னிக்கலாம். கேஸ் கீசர் என்றால் அது குளியலறைக்கு வெளியே மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் சாத்திய சின்ன அறைக்குள் எரியும் கேஸ் கீசர் ஆளை மயக்கம் போட வைக்கும். அதற்கு மேலும் போகும்.

குளியலுக்கு முறை வைப்பதும் அவசியம். பாதிப்பேர் சாயங்காலம் ஊர் சுற்றி வந்ததும் குளித்துவிட்டால் காலை நெருக்கடி பாதியாகும். மாப்பிள்ளைகளுக்கு முதல் வெந்நீர் என்ற சம்பிரதாயத்தை மலையில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். முதல் முறை எழுபது வயதுக்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும்.

மொத்தத் தண்ணீரையும் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் நாற்பது பேருக்கு 4,000 லிட்டர். மாடியில் 2,000 லிட்டர் தொட்டி ஒன்று மட்டும் இருந்தால் காலை ஒன்பது மணிக்குக் குழாய் காற்றை விடும். ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர்தான் பல வீடுகளுக்கு. லாரிச் செலவு வாடகையில் அடக்கமா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வாசலுக்கு வரும் பாதை. நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, அப்சர்வேட்டரி பக்கம் சாலையோரம் இருக்கும் வீடுகளில் சிக்கல் குறைவு. வட்டக்கானல், வில்பட்டி, பள்ளங்கி சரிவுகளில் இருக்கும் அழகான வீடுகளில் பாதிக்கு, கடைசி 200 மீட்டர் ஒற்றை வண்டி போகும் கான்கிரீட் சரிவாக இருக்கும். ஈரமும் பாசியும் சேர்ந்தால் கார் டயரே சுழலும். 17 சீட் டெம்போ டிராவலர் இறங்கினாலும் திரும்ப இடமிருக்காது. வண்டி மேலே நின்றுவிடும். பெரியம்மா, பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் நடந்து இறங்க வேண்டும். இறங்கியது பெரிதல்ல, கிளம்பும் நாளில் ஏறுவதுதான். வீட்டுப் படங்களைக் கேட்காதீர்கள். மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை நடந்தபடி எடுத்த ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

படிகளையும் எண்ணச் சொல்லுங்கள். வாசலில் பத்துப் படி, உள்ளே மரப்படி, கழிப்பறைக்கு இரண்டு படி இறக்கம் என்று சரிவு வீடுகளின் அமைப்பே அப்படித்தான். தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட்டோடு இரண்டு அறையாவது இல்லாத வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வர மாட்டார்கள்.

"40 பேர் தங்கலாம்" என்ற வரிக்கு உண்மையான பொருள் பதினெட்டுக் கட்டில், மிச்சம் தரையில் மெத்தை என்பதே. தரைமெத்தை சமவெளியில் சுகம். கொடைக்கானலில் டிசம்பர் இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும். சிமெண்ட், டைல்ஸ் தரையின் குளிர் மூன்று அங்குல மெத்தையைத் துளைத்து ஏறும். மெத்தைக்கு அடியில் பாய் அல்லது தடித்த ஜமக்காளம் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். கம்பளி ஆளுக்கு இரண்டு என்று கேட்டு வாங்குங்கள்; ஒன்று மேலே, ஒன்று கீழே. கழிப்பறை ஆறு பேருக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கீழே போகக் கூடாது. மரத்தரை உள்ள மாடி அறைகளை இளவட்டத்துக்கு ஒதுக்குங்கள், ஆனால் அதற்கு நேர் கீழே தாத்தா பாட்டியைப் போடாதீர்கள். குறட்டைக்காரர்களுக்குத் தனி அறை ஒதுக்குவது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது. யார் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஒரு கூடம் கட்டாயம். தரையில் சம்மணமிட்டு உட்கார ஆளுக்குப் பத்துச் சதுர அடி என்றால் நாற்பது பேருக்கு 400, அதாவது இருபதுக்கு இருபது அறை. பல பங்களாக்களின் வரவேற்பறை பன்னிரண்டுக்குப் பதினைந்துதான். "வெளியே லான் இருக்கே" என்பார்கள். அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் மதியத்துக்கு மேல் பனியும் சாரலும் சகஜம். ஷாமியானா போட்டால் காற்று தூக்கும், ஓரம் ஒழுகும். கூடம் இல்லாத வீட்டில் நாற்பது பேரும் ஆறு அறைகளில் சிதறிவிடுவார்கள். பிறகு அதற்கும் ஹோட்டலுக்கும் வித்தியாசமில்லை.

இனி அடுப்படி. முழு பங்களா வாடகையில் அதிகம் ஏமாற்றம் தரும் இடம் இதுதான். "கிச்சன் வசதி உண்டு" என்றால் இரண்டு பர்னர் வீட்டு அடுப்பு, நாலு பேருக்கான பாத்திரம். நாற்பது பேருக்குப் பெரிய பர்னர் உள்ள இரண்டு கேட்டரிங் அடுப்பு, 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு, அண்டா, பெரிய குக்கர், ஜல்லிக் கரண்டி வரை வேண்டும். பாத்திரத்தைக் கீழிருந்தே வாடகைக்கு எடுத்துவருவது மேல். மாஸ்டர் ஒருவர், உதவிக்கு இருவர் போதும். ஆனால் மாஸ்டர் மலையில் சமைத்துப் பழகியவராக இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்க்க மும்முரமாக இருக்கும். சூடு மட்டும் ஏழு டிகிரி குறைவு. அண்டாவில் வடிக்கும் சோறு பத்து நிமிடமாவது கூடுதலாகக் கேட்கும், தண்ணீரும் கொஞ்சம் அதிகம் வேண்டும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கவே கூடாது. ஒன்றரை மணி நேரம் கழித்தும் முழிக்கும். பருப்பு, கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி மூன்றும் குக்கரில்தான். குக்கருக்குள்ளும் சமவெளியை விட நாலைந்து டிகிரி குறைவு என்பதால் வழக்கத்துக்கு மேல் இரண்டு விசில் விட வேண்டும். பிரியாணிக்குக் கறியைக் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்துக்கொண்டு, பிறகு அரிசியோடு தம் போடுவதே பாதுகாப்பு. திறந்த வெளியில் விறகில் தம் போடும் ஆசை இருந்தால் காய்ந்த விறகைக் கீழிருந்தே கொண்டுவாருங்கள். பனியில் நனைந்த விறகு புகை மட்டும் தரும்.

மாவு விஷயம் இன்னும் மோசம். இரவில் பன்னிரண்டு டிகிரியில் இட்லி மாவு பொங்காது. இரவு அரைத்து காலையில் இட்லி என்ற கணக்கு மலையில் செல்லாது. வழி இரண்டு. கீழேயே பொங்கவைத்த மாவைக் கொண்டுவரலாம். பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள், ஏனென்றால் வேனின் சூட்டில் மறுபடி பொங்கி டிக்கி முழுக்க வழியும். இல்லையென்றால் புளிக்க வேண்டாத பலகாரத்துக்குப் போய்விடலாம்: வெண்பொங்கல், ரவா கிச்சடி, ரவா தோசை, சேமியா. குளிரில் நெய் மணக்கும் பொங்கலுக்கு முன்னால் இட்லியை யாரும் தேடப் போவதில்லை. தயிரும் அப்படித்தான், உறை ஊற்றியதை ஹாட் பாக்ஸில் வைத்து மூடி, கம்பளியில் சுற்றி வைத்தால்தான் தோயும். தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், அடுப்போரம் வையுங்கள்.

அதிகாலையில் இன்னொரு தொல்லை வரும். பெரிய பர்னரை முழு வேகத்தில் திறந்ததும் பதினைந்து நிமிடத்தில் சுடர் சின்னதாகிவிடும், சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்து ஜில்லென்று இருக்கும். கேஸ் தீரவில்லை. திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. வெளிக்குளிரில் அதை ஈடுகட்ட வழியில்லை. இரண்டு அடுப்புக்கும் தனித்தனி சிலிண்டர் வைத்து, சுடர் இறங்கியதும் மாற்றி மாட்டினால் போதும். சிலிண்டருக்கு அருகே நெருப்பு காட்டும் மாஸ்டரை உடனே நிறுத்துங்கள்.

அளவுகள் நாற்பது பேருக்கு இப்படி: மதியச் சாப்பாட்டுக்கு அரிசி 5 கிலோ, சாம்பாருக்குப் பருப்பு ஒன்றரைக் கிலோ. பிரியாணி என்றால் அரிசி நாலரைக் கிலோ, கறி ஆறு கிலோ வரை. குளிரில் டீ, காபி வீட்டுக் கணக்கில் நிற்காது. நாளைக்கு நாலு சுற்று போகும். பால் 16 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இலை ஐந்து வேளைக்கு 200. அதை மலையடிவாரத்து வத்தலக்குண்டிலேயே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுக்கத் தடையில் இருக்கின்றன. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலித்திருக்கிறார்கள். 20 லிட்டர் கேன் நாளொன்றுக்கு ஆறு, குடிக்க நாலு, சமையலுக்கு இரண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், மேலே பெயர் ஒட்டி. காய்கறிக்குக் கீழிருந்து சுமக்க வேண்டாம். கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் மேலேயே நன்றாகக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்றால் இன்னும் விசேஷம். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த ஊர்ச் சரக்குதான். பெரியவர்களுக்குப் பூண்டு ரசம் ஒரு வேளை வைத்துக் கொடுங்கள்.

வண்டிக்கு வருவோம். நாற்பது பேருக்கு ஒரு பெரிய பஸ் மலிவு என்று தோன்றும். 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பர் முதல் கொடைக்கானல் மலைப்பாதையில் தடை. 17 சீட் டிராவலர் மூன்று எடுத்தால் பாத்திரத்துக்கும் பெட்டிக்கும் சேர்த்து இடம் சரியாக இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் தனி இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம், கட்டணம் இல்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். அதனால் மே மாதச் சனிக்கிழமைக்குப் பாஸ் கிடைத்த பிறகே பங்களாவுக்கு முன்பணம் கட்டுங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். பாஸில் வண்டி எண் இருக்கும். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. முந்தின நாள் சாயங்காலம் மூன்று வண்டி எண்களையும் உறுதி செய்துகொண்டு பாஸை அச்செடுத்து டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சோதனையில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குப் பாஸ் தேவையில்லை.

சென்னைக்காரர்களுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடைரோடு இறங்குவது வசதி. அங்கிருந்து மலைக்கு 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். காலை டிபனை வத்தலக்குண்டில் அரை வயிறாக முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலைப்பாதையில் ஊத்து என்ற ஊர் வந்ததும் டீ குடித்துக்கொள்ளலாம். வளைவில் வாந்தி வரும் ஆட்களை முன்சீட்டில் போடுங்கள், ஃபோனைப் பிடுங்கி வையுங்கள். மாத்திரை போடுவதானால் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பாதி மலையில் போட்டுப் பயனில்லை. பழனி வழி அழகு, ஆனால் குறுகல், கடைகளும் குறைவு. திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வத்தலக்குண்டு வழியே போதும்.

டிரைவர் விஷயத்தில் ஒன்றே ஒன்று பாருங்கள்: இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குகிறாரா, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறாரா. பிரேக் கருகும் வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடச் சொல்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டம். சமவெளி டிரைவர்கள் பலருக்கு அது தெரியாது. டிரைவர் மூவரும் படுக்க இடம், சாப்பாடு எல்லாம் பங்களாவில் உண்டா என்பதையும் முன்பே பேசுங்கள். இரவெல்லாம் வண்டியிலேயே குளிரில் நடுங்கியவர் காலையில் உங்கள் பிள்ளைகளை வைத்து ஓட்ட வேண்டியிருக்கும்.

ஊர் சுற்றலை அதிகம் திட்டமிடாதீர்கள். நாற்பது பேரை ஒரு இடத்தில் இறக்கி ஏற்றவே அரை மணி நேரம் போகும். ஒரு நாளைக்கு இரண்டு இடம், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஏரியும் பிரையண்ட் பூங்காவும், அல்லது குறிஞ்சி ஆண்டவர் கோயில். நடக்கிறவர்கள் மட்டும் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய் வரட்டும். எல்லாரும் எல்லா இடத்துக்கும் என்று வைத்தால் யாருமே எதையும் பார்க்க மாட்டார்கள். குரூப் ஃபோட்டோவைக் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முடியுங்கள், பனி வருவதற்கு முன். வாசல் படிகளில் மூன்று வரிசை, முன்னால் குழந்தைகள். டிபனுக்கு முன்பா பின்பா என்ற சண்டைக்கு இடம் கொடுக்காமல் பின்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கேம்ப் ஃபயர் எல்லா விளம்பரத்திலும் இருக்கும், பெரும்பாலும் தனிக்கட்டணம். ஒரு கட்டு விறகு முக்கால் மணி நேரம் தாங்கும். மைக் செட்டைப் பத்து மணிக்கு நிறுத்த வேண்டும், அது சட்டம். நெருப்பு வெளியே இருக்கும் வரை சந்தோஷம்தான். குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ படுக்கையறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்துவது கொலைகாரத்தனம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தனியாக கேட்டுக்கு வெளியே விடாதீர்கள். காட்டுமாடுகள் ஊருக்குள் சர்வ சாதாரணமாக உலாவும், சாதுவாகத்தான் தெரியும், கிட்டப் போய் செல்ஃபி எடுக்கும்வரை. பகலில் குரங்கு: ஜன்னலோரம் வைத்த முறுக்கு டின் காணாமல் போகும்.

நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வீடு பார்ப்பது நல்லது. மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து வீடுகள் அமைதியானவை, வாடகையும் குறையலாம். ஆனால் இரவில் யாருக்காவது மூச்சு இளைத்தால் அரசு மருத்துவமனைக்கு மன்னவனூரிலிருந்து 35 கிலோமீட்டர் வளைவுப் பாதை. இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் இருக்கும் குடும்பங்கள் இந்த அமைதியை வாங்க வேண்டாம். மருந்துகளைத் தனிப்பையில், இன்ஹேலரைச் சட்டைப்பையில்.

வாடகைத் தொகையை இங்கே எழுதிப் பயனில்லை. மே மாத விலையும் ஜூலை விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கேட்க வேண்டிய விதம் மட்டும் சொல்லலாம். தலைக்கு இவ்வளவு என்பவரிடம் ஐந்து வயதுக்குக் கீழ் கணக்கா, மாஸ்டரும் டிரைவரும் கணக்கா என்று கேளுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்பவரிடம் கூடுதல் மெத்தை, ஜெனரேட்டர் டீசல், சமையலறை உபயோகம், சுத்தம் செய்யும் கூலி எல்லாம் உள்ளடக்கமா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி.யில் ஒரு நுட்பம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆறு அறையாகப் பில் போடுகிறாரா, முழு வீட்டையும் ஒரே தொகையாகப் போடுகிறாரா என்பதில் வரி எகிறும். அனுமதி பெற்ற கட்டடமா என்பதையும் பாருங்கள். அனுமதியில்லாத காட்டேஜ்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்த ஊர் இது. பில் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கொடைக்கானலில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. சொந்தச் சமையலும் நள்ளிரவுச் சிரிப்பும் அங்கே நடக்காது. விலை வெளிப்படை, ரசீது உறுதி. கூட்டத்தில் எண்பது வயதுக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஏற்காட்டை யோசியுங்கள். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்தில் மேலே. உயரம் 1,515 மீட்டர். குளிர் கடிக்காது, பருப்பும் அவ்வளவு அடம்பிடிக்காது. அழகில் கொடைக்கானலுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். தாத்தாவுக்கு அழகு இரண்டாம்பட்சம்.

தேதிக்கு எங்கள் சிபாரிசு காலாண்டுத் தேர்வு விடுமுறை, செப்டம்பர் கடைசி வாரம். பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, மே மாத நெரிசல் இருக்காது, பிள்ளைகளுக்கும் லீவு. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்காக டிசம்பர் என்று முடிவானால் மழை ஓய்ந்த கடைசி வாரத்தைப் பிடியுங்கள். புத்தாண்டு இரவுக்கு முன் கிளம்பிவிடுங்கள். மண் சரிந்து பாதை மூடினால் முன்பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பது வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக செக்-அவுட். பத்து மணி, பதினோரு மணி என்று எழுதியிருப்பார்கள். மேலே போட்ட கீசர் கணக்குப்படி ஆறு மணிக்குக் குளியலைத் தொடங்கினாலும் நாற்பது பேர் குளித்து, சாப்பிட்டு, பெட்டி கட்டிக் கிளம்பப் பதினொன்றரை ஆகிவிடும். ஒரு மணி வரை நேரம் முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். அன்றைக்குக் காலையில் கேட்டால் அரை நாள் வாடகை கேட்பார்கள். வந்த அன்றே ஒவ்வொரு அறையையும் ஃபோனில் வீடியோ எடுத்து வைத்தால் உடைந்த கண்ணாடி, கிழிந்த திரைக்கெல்லாம் டெபாசிட்டில் பிடிக்க முடியாது. இலையையும் குப்பையையும் இரண்டு மூட்டையாகப் பிரித்து வாட்ச்மேனிடம் ஒப்படையுங்கள், வெளியே வைத்தால் குரங்கு பிரித்துவிடும். காலி சிலிண்டர், அண்டா, கரண்டிகளை எண்ணி ஏற்றிய பிறகே மூன்றாவது வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.